“நாங்கள் இருக்கும்போது அவன் ஏன் வெளியில் கையேந்த வேண்டும்?”

இங்கிலாந்தின் நடுப்பகுதியிலுள்ள ஒரு நகரத்திலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய கணவரின் அக்கா மகனுக்கு முப்பது வயதைத் தாண்டிவிட்டது. வட இலங்கையைச் சேர்ந்தவர். 2021இல் இங்கே வந்து தஞ்சம் கோரினார். முதலில் ஹோட்டல் அறை, பிறகு வேறொரு ஊரில் பலர் சேர்ந்து தங்கிய வீடு என்று ஹோம் ஒபிஸ் (உள்துறை அமைச்சு) வைத்த இடங்களில் இருந்தார். 2023இல் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு மேன்முறையீடும் தோற்றது. மேல் தீர்ப்பாயத்துக்குப் போக அனுமதி கிடைக்கவில்லை. தங்குமிடமும் வாராந்தப் பணமும் நின்றுபோயின. இரண்டு பைகளோடு இவர்கள் வீட்டுக்கு வந்தவர், அன்றிலிருந்து சின்ன அறையில் இருக்கிறார்.

வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இருவர். மருமகன் கணவரின் நண்பருடைய கடையில் இரவு வேலை செய்கிறார். சம்பளம் கையில்தான், அதுவும் குறைவு. அதிலிருந்து மாதம் 250 பவுண்டு வீட்டுக்குத் தருகிறார். லண்டனில் ஆர்ப்பாட்டங்களுக்கும் போய்வந்திருக்கிறார். முதுகில் பழைய வடுக்கள் இருக்கின்றன, இரவில் தூக்கமில்லை. டாக்டரிடம் போகச் சொன்னால் “பிடித்துக் கொடுத்துவிடுவார்கள்” என்கிறார். அதே பயத்தில் ஹோம் ஒபிஸுக்குக் கையெழுத்துப் போடப் போவதையும் சில மாதங்களாக நிறுத்திவிட்டார்.

அதே நகரில், தஞ்சம் கோரி வழியற்று நிற்பவர்களுக்கு உதவும் சிறிய தொண்டு நிறுவனம் ஒன்று இருக்கிறது. ஒரு தேவாலய மண்டபத்தில் வாரம் ஒருமுறை கூடுகிறார்கள். அங்கே அவரை அழைத்துப்போகலாம் என்று சகோதரி நினைக்கிறார். கணவர் கேட்பதாக இல்லை. “நாங்கள் இருக்கும்போது அவன் ஏன் வெளியில் கையேந்த வேண்டும்? நாலு சனம் என்ன சொல்லும்?” என்கிறார்.

சகோதரியின் கேள்விகள் இவை. அவரை வீட்டில் வைத்திருப்பது சட்டப்படி குற்றமா? தொண்டு நிறுவனத்துக்குப் போனால் ஹோம் ஒபிஸுக்குத் தகவல் போகுமா? ‘செக்‌ஷன் 4’ என்ற, தஞ்சம் நிராகரிக்கப்பட்டவர்களுக்கான அரசு உதவிக்கு விண்ணப்பித்தால் நாடு திரும்ப ஒப்புக்கொண்டதாகிவிடும் என்கிறார்களே, உண்மையா? 3,000 பவுண்டு கொடுத்தால் புதிய கேஸ் போட்டுத் தருவதாக ஒருவர் சொல்கிறார், கொடுக்கலாமா? கடைசியாக, கணவரிடம் இதை எப்படிப் பேசுவது?

அன்புள்ள சகோதரி,

நீங்கள் கேட்ட கேள்விகளைவிட, போகிற போக்கில் சொல்லிவிட்டுக் கடந்த மூன்று விஷயங்கள்தான் எனக்கு அதிகக் கவலை தருகின்றன. மருமகன் கையெழுத்துப் போடப் போவதில்லை. கடையில் வேலை செய்கிறார். மாதம் 250 பவுண்டு தருகிறார். வீட்டில் அவர் இருப்பதை நினைத்துத்தான் நீங்கள் பயப்படுகிறீர்கள். எனக்குத் தெரிந்தவரை ஆபத்து இந்த மூன்றில்தான் இருக்கிறது.

வீட்டில் வைத்திருப்பது குற்றமா?

விசா இல்லாத உறவினர் ஒருவரைக் காசு வாங்காமல் தங்கவைத்துச் சோறு போடுவதற்காக உங்களை யாரும் சிறையில் போடப்போவதில்லை. அதிகாரிகள் தேடி வரும்போது அவரை ஒளித்து வைப்பதும், கேட்டால் பொய் சொல்வதும் வேறு. அப்படிச் செய்தால் குடிவரவுச் சட்டத்தின் கீழ் உங்கள் மீதே வழக்கு வரலாம். நீங்கள் அப்படி எதுவும் செய்ததாகத் தெரியவில்லை.

ஆனால் அந்த 250 பவுண்டு இருக்கிறதே, அது விருந்தாளியை வாடகைக்காரராக்கிவிடக்கூடிய பணம். 2014ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டப்படி, இங்கிலாந்தில் வாடகைக்கு ஆள் வைப்பவர், அந்த ஆளுக்கு இங்கே வாடகைக்கு இருக்கும் உரிமை உண்டா என்று பார்த்தாக வேண்டும். வீட்டில் ஓர் அறையை மட்டும் கொடுப்பவருக்கும் இது பொருந்தும். 2024 பெப்ரவரியிலிருந்து, முதல் தடவை பிடிபட்டால், இப்படி அறையில் வைத்திருக்கும் ஒருவருக்கு 5,000 பவுண்டு வரை அபராதம். “அது சாப்பாட்டுச் செலவுக்கு” என்று நீங்கள் வாதாடலாம், அந்த வாதம் நிற்கவும் கூடும். ஆனால் வாதாட வேண்டிய நிலைக்கு ஏன் போக வேண்டும்? இந்த மாதத்தோடு அந்தப் பணத்தை வாங்குவதை நிறுத்திவிடுங்கள்.

கடை வேலை

இதை உங்கள் கணவர் உதவியாக நினைத்துத்தான் ஏற்பாடு செய்திருப்பார். ஆனால் அனுமதியின்றி வேலை செய்வது மருமகனுக்குச் சிறைவரை போகக்கூடிய குற்றம். கடை முதலாளிக்கு முதல் தடவையே ஓர் ஆளுக்கு 45,000 பவுண்டு வரை அபராதம் வரும்; மறுபடி பிடிபட்டால் 60,000. தெரிந்தே வைத்திருந்தார் என்றால் ஐந்து ஆண்டு வரை சிறையும் உண்டு. இந்தக் கணக்கைக் கணவரின் நண்பரிடம் ஒருமுறை சொல்லிப் பாருங்கள், வேலையை அவரே நிறுத்திவிடுவார். மருமகனின் கடவுச்சீட்டையோ அடையாள அட்டையையோ அவர் வாங்கி வைத்திருந்தால் உடனே திரும்பப் பெறுங்கள். சம்பளத்தைப் பிடித்து வைத்து, போனால் காட்டிக்கொடுப்பேன் என்று மிரட்டினால், அது உழைப்புச் சுரண்டல். அதற்குத் தனிப் பாதுகாப்பு உண்டு. வழக்கறிஞரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

கீழே நான் சொல்லப்போகும் எந்த உதவிக்கும் இந்த வேலை தடை. விண்ணப்பத்தில் வருமானத்தைக் கேட்பார்கள். மறைத்தால் அது பொய்த் தகவல், தனிக் குற்றம். சொன்னால், வருமானம் இருக்கிறது என்று உதவி மறுக்கப்படும். எனவே வேலையை விட்ட பிறகுதான் விண்ணப்பம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் வழக்கறிஞர்

போனால் பிடித்துவிடுவார்கள் என்று கையெழுத்துப் போடப் போகாமல் இருப்பது எங்கள் சனத்திடம் நான் அடிக்கடி காண்பது. பயம் நியாயமானது, பலன் நேர்மாறானது. மருமகன் இப்போது குடிவரவுப் பிணையில் இருக்கிறார், அதாவது தடுத்து வைக்காமல் நிபந்தனையோடு வெளியே விட்டிருக்கிறார்கள். குறித்த நாளில் போய்க் கையெழுத்திடுவது அந்தப் பிணையின் நிபந்தனை. அதை மீறியவர் நாளை ஏதோ ஒரு சோதனையில் பிடிபட்டால் தலைமறைவானவர் என்ற முத்திரையோடு பிடிபடுவார். பிறகு பிணை கேட்பது கடினம்.

அதற்காக நாளைக் காலையே தனியாகப் போய் நிற்கச் சொல்லவில்லை. ஒரு வழக்கறிஞர் முன்னதாகவே எழுதி, ஏன் வராமல் இருந்தார் என்பதை மருத்துவக் காரணங்களோடு விளக்கி, புதிய ஆதாரங்கள் வரப்போகின்றன என்று தெரிவித்த பிறகு போவதே நல்லது. தடுத்து வைக்கப்படும் ஆபத்து அப்போதும் முழுவதும் நீங்காது. ஆனால் அப்படி நடந்தால் பிணை விண்ணப்பம் போட ஆள் தயாராக இருப்பார். சித்திரவதைக்கு ஆளானவர்கள் தடுப்புக் காவலில் எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்கள் என்பதை ஹோம் ஒபிஸின் கொள்கையே ஏற்கிறது. அதை எழுப்ப அவர் சார்பில் ஒருவர் வேண்டும்.

அந்த 3,000 பவுண்டு ஆளைப் பற்றி: கொடுக்காதீர்கள். தஞ்ச வழக்குகளுக்கு இன்றும் அரசின் இலவசச் சட்ட உதவி உண்டு. மருமகனுக்கு வருமானமும் சேமிப்பும் இல்லாமல், வழக்கிலும் சாரம் இருந்தால், அவரிடம் ஒரு பென்ஸ் கூட வாங்காமல் புதிய ஆதாரங்களைத் தயாரித்துக் கொடுக்கும் சொலிசிட்டர்கள் இருக்கிறார்கள். குடிவரவு ஆலோசனை சொல்பவர் சொலிசிட்டராகவோ பாரிஸ்டராகவோ, குடிவரவு ஆலோசனை ஆணையத்தில் பதிவு பெற்றவராகவோ இருக்க வேண்டும். 2025 ஜனவரி வரை ‘ஓ.ஐ.எஸ்.சி.’ என்று அழைக்கப்பட்ட அமைப்புத்தான் இந்த ஆணையம். அதன் பதிவேட்டை இணையத்தில் யாரும் பார்க்கலாம். பதிவில்லாமல் ஆலோசனை சொல்வது குற்றம். உங்களிடம் பணம் கேட்டவரின் பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அவர் போடும் ‘கேஸ்’, பழைய காகிதங்களுக்குப் புதிய உறை மாற்றி அனுப்புவதோடு முடியும். அப்படி ஒருமுறை அனுப்பித் தள்ளுபடியானால், உண்மையான ஆதாரத்தோடு வரும் அடுத்த விண்ணப்பத்தையும் சந்தேகக் கண்ணோடுதான் பார்ப்பார்கள்.

நிராகரிக்கப்பட்ட பிறகு புதிதாக ஒன்றை முன்வைப்பது குடிவரவு விதிகளின் 353ஆம் பத்தியின்படி நடக்கிறது. முன்பு பார்க்கப்படாத ஆதாரமாக இருக்க வேண்டும். பழையதோடு சேர்த்துப் பார்க்கும்போது, நீதிபதி ஒருவர் வேறு முடிவுக்கு வர நியாயமான வாய்ப்பு இருக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் அப்படிப்பட்ட இரண்டு பொறிகள் தெரிகின்றன.

ஒன்று, வடுக்கள். மேன்முறையீட்டின்போது மருத்துவ நிபுணர் அறிக்கை எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இது எனக்கு வியப்பாக இருக்கிறது, கொஞ்சம் கோபமாகவும் இருக்கிறது. 2019 மார்ச்சில் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் ஓர் இலங்கைத் தமிழரின் வழக்கில் இதைப் பற்றித்தான் தீர்ப்புச் சொன்னது. வடு எப்படி வந்தது என்று ஒருவர் சொல்வதோடு அந்த வடு எந்த அளவுக்குப் பொருந்துகிறது என மருத்துவர் கருத்துச் சொல்லலாம், நீதிபதிகள் அதற்குரிய எடையைக் கொடுக்க வேண்டும் என்றது. வேண்டுமென்றே பிறரைக் கொண்டு வடு போட்டுக்கொள்வது மிக மிக அரிது என்பதையும் எடுத்துச் சொன்னது. சித்திரவதைக்கு ஆளானவர்களுக்குச் சிகிச்சையும் சட்டத்துக்கான மருத்துவ அறிக்கையும் தரும் ‘ஃப்ரீடம் ஃப்ரம் டார்ச்சர்’ 1985 முதல் இயங்குகிறது. ‘ஹெலன் பாம்பர் ஃபவுண்டேஷன்’ இன்னொன்று. அறிக்கைக்கான கோரிக்கை வழக்கறிஞர் மூலம் போவதே முறை.

இரண்டு, அவர் லண்டனில் ஆர்ப்பாட்டங்களுக்குப் போய்வந்தது. 2021இல் மேல் தீர்ப்பாயம், புலம்பெயர்ந்த நாட்டில் அரசியல் செயற்பாடுகளில் ஈடுபடும் இலங்கைத் தமிழர்களின் ஆபத்தை எப்படி அளப்பது என்று ஒரு வழிகாட்டுத் தீர்ப்பு வழங்கியது. கூட்டத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டால் போதும் என்று அது சொல்லவில்லை. எந்த அமைப்போடு, எவ்வளவு காலமாக, என்ன பங்கு என்று பார்க்கச் சொல்கிறது. நம்பிக்கையில்லாமல் விசாவுக்காகக் கொடி பிடித்தால் குறுக்கு விசாரணையில் கலைந்துவிடும். உண்மையான ஈடுபாடு இருந்தால் அதைச் சரியாக ஆவணப்படுத்த வேண்டும்.

இப்போதைக்கு மருமகன் செய்யக்கூடியது: பழைய சொலிசிட்டரிடமிருந்து முழுக் கோப்பையும் எழுத்தில் கேட்பது, ஹோம் ஒபிஸ் தன்னைப் பற்றி வைத்திருக்கும் ஆவணங்களின் பிரதியைக் கேட்பது. இரண்டாவதற்குக் கட்டணம் கிடையாது. அதை வழக்கறிஞர் வழியாகக் கேட்பது உசிதம்.

தொண்டு நிறுவனம் என்ன செய்யும், என்ன செய்யாது

இலவசச் சட்ட உதவி உண்டு என்றேன். ஆனால் அந்த வேலையை எடுக்கும் அலுவலகங்கள் குறைந்துகொண்டே வருகின்றன; பல ஊர்களில் ஒன்றுகூட இல்லை. நீங்களாகத் தொலைபேசியில் அழைத்தால் “இடமில்லை” என்ற பதில்தான் வரும். உங்கள் நகரத்துத் தொண்டு நிறுவனத்தை நான் முக்கியமாகக் கருதுவது இதனால்தான். அதன் சூப்பும் அரிசிப் பையும் உங்கள் வீட்டுக்குத் தேவையில்லை. எந்த சொலிசிட்டரிடம் இந்த மாதம் இடம் இருக்கிறது, யாருக்கு இலங்கை வழக்குகளில் அனுபவம் உண்டு, எந்த டாக்டர் அகதிகளிடம் பொறுமையாகப் பேசுவார் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். நிறுவனத்தின் பெயரில் போகும் பரிந்துரைக் கடிதத்துக்கு, தனி ஆளின் அழைப்பைவிட வேகமாகப் பதில் வரும்.

பொதுவாக இத்தகைய இடங்களில் வாரத்துக்கு ஒருநாள் சூடான சாப்பாடு, உணவுப் பொதி, பஸ் டிக்கெட், குளிர் உடுப்பு, ஆங்கில வகுப்பு, படிவம் நிரப்ப உதவி இருக்கும். வசதியுள்ளவை, முற்றிலும் வழியற்றவர்களுக்குச் சிறு தொகையும் கொடுக்கும். சில நிறுவனங்கள் வீடுகளையும் வைத்திருக்கின்றன. மான்செஸ்டரின் போவாஸ் டிரஸ்ட், ஷெஃபீல்டின் அசிஸ்ட் ஆகியவை, தஞ்சம் நிராகரிக்கப்பட்டுத் தெருவுக்கு வந்தவர்களுக்கு இடம் தரும் அமைப்புகள். இவற்றைப் போன்றவற்றை இணைக்கும் ‘நேகாம்’ என்ற வலையமைப்பு நாடு முழுவதும் இருக்கிறது. தன்னார்வக் குடும்பங்களின் வீட்டில் அறை தேடித் தரும் திட்டங்களும் உண்டு. அந்தக் குடும்பங்கள் செய்வதைத்தான் நீங்கள் தனியாக, ஆலோசனை சொல்ல ஆளில்லாமல், விடுமுறையும் இல்லாமல் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

அறைகள் குறைவு, காத்திருப்போர் அதிகம். வீட்டில் கூரை இருக்கும் ஒருவருக்கு உடனே இடம் தர மாட்டார்கள். வழக்கில் முன்னேற வழி இருக்கிறதா என்றும் பெரும்பாலும் பார்ப்பார்கள். அதனால் அங்கே போவது வீடு கேட்கப் போவது என்று நினைக்க வேண்டாம்.

தகவல் போகுமா என்ற பயத்துக்கு வருகிறேன். இந்த நிறுவனங்கள் ஹோம் ஒபிஸின் கிளைகள் அல்ல. நன்கொடையிலும் தன்னார்வலர்களாலும் நடப்பவை. வருபவரின் ஒப்புதல் இல்லாமல் விவரங்களை வெளியே கொடுப்பதில்லை என்பதே அவர்களின் நடைமுறை. யாருக்காவது உயிராபத்து, குழந்தைக்குத் தீங்கு போன்ற விதிவிலக்குகள் உண்டு. முதல் நாளே அவர்களின் இரகசியக் கொள்கையைக் கேளுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் ‘மைக்ரண்ட் ஹெல்ப்’ வேறு மாதிரி. அதுவும் தொண்டு நிறுவனம்தான், என்றாலும் ஹோம் ஒபிஸின் ஒப்பந்தத்தின் கீழ் தஞ்சம் கோரியோருக்கான உதவி விண்ணப்பங்களைக் கையாள்கிறது. அதன் வழியாகப் போகும் படிவம் ஹோம் ஒபிஸின் மேசைக்குத்தான் போகும். அதற்காகத்தான் அது இருக்கிறது. அதனால் வழக்கறிஞரைப் பார்த்த பிறகு அந்தப் படிவத்துக்குப் போகலாம்.

இன்னொரு தவறான எண்ணம்: தொண்டு நிறுவனத்தின் உதவியை வாங்கினால் பின்னால் விசாவுக்குப் பாதகமாகும் என்பது. ‘பொது நிதி’ என்று குடிவரவு விதிகள் பட்டியலிட்டுச் சொல்வது குறிப்பிட்ட அரசு உதவித்தொகைகளையும் அரசு வீட்டு வசதியையும்தான். உணவு வங்கியும் தேவாலய மண்டபமும் அதில் வராது. மருமகனுக்கும் பாதகமில்லை, உங்கள் குடும்பத்துக்கும் பாதகமில்லை.

செக்‌ஷன் 4 என்றால் நாடு திரும்பச் சம்மதமா?

இல்லை. ஆனால் இந்த வதந்தி எங்கிருந்து வந்தது என்று தெரியும். 1999ஆம் ஆண்டின் குடிவரவு மற்றும் தஞ்சச் சட்டத்தின் 95ஆம் பிரிவு, தஞ்சக் கோரிக்கை நிலுவையில் இருப்பவர்களுக்கானது. மருமகனுக்கு முதலில் கிடைத்தது அது. தனி ஆள் என்றால், இறுதியாகத் தோற்று 21 நாளில் அது முடிந்துவிடும். அதன் பிறகு இருப்பதுதான் 4ஆம் பிரிவு. அதைப் பெற ஒருவர் வழியற்றவராக இருக்க வேண்டும். கூடவே, 2005ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் சொல்லும் ஐந்து காரணங்களில் ஒன்று பொருந்த வேண்டும். நாடு திரும்ப எல்லா நடவடிக்கைகளையும் எடுக்கிறார் என்பது அவற்றில் முதலாவது. அது மட்டும் சனத்தின் காதில் விழுந்துவிட்டது. நோயால் பயணம் செய்ய முடியாதவர், திரும்பிப் போக நடைமுறையில் வழியே இல்லாதவர், நீதிமன்ற மறுஆய்வுக்கு அனுமதி பெற்றவர் ஆகியோருக்கான காரணங்களும் உண்டு. ஐந்தாவது, உதவாவிட்டால் மனித உரிமை மீறலாகும் என்பது. தக்க புதிய ஆதாரங்களைச் சமர்ப்பித்துப் பதிலுக்காகக் காத்திருப்பவர்கள் பெரும்பாலும் இதன் வழியாகத்தான் உதவி பெறுகிறார்கள். மருமகனுக்கு உரியதும் இதுதான்.

இதன் பின்னணியில் ஒரு பெரிய வழக்கு இருக்கிறது. 2005 நவம்பரில், அப்போது நாட்டின் அதியுயர் நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபையின் நீதிபதிகள், வேலை செய்யவும் விடாமல் உதவியும் தராமல் தஞ்சம் கோரியவரைத் தெருவில் பசியோடு படுக்க விடுவது மனிதத்தன்மையற்ற நடத்துகையாகலாம் என்று தீர்ப்பளித்தார்கள். லிம்புவேலா வழக்கு என்பார்கள். உங்கள் கணவர் இதை யாரோ போடும் பிச்சையாகப் பார்க்கிறார். மனித உரிமை உடன்படிக்கையின் 3ஆம் உறுப்புரையை வைத்து வாதாடிப் பெற்ற பாதுகாப்பு இது.

உங்களை நேரடியாகத் தொடும் விஷயம் ஒன்று உண்டு. சட்டத்தின் கண்ணில் ‘வழியற்றவர்’ என்றால், தங்கத் தகுந்த இடம் இல்லாதவர் அல்லது மற்ற அத்தியாவசியத் தேவைகளை நிறைவேற்ற முடியாதவர். அடுத்த 14 நாளுக்குள் அந்த நிலை வரும் என்றாலும் போதும். உங்கள் வீட்டில் இருக்கும்வரை “இடம் இருக்கிறதே” என்று ஹோம் ஒபிஸ் சொல்லும். எனவே உங்களிடமிருந்து ஒரு கடிதம் கேட்பார்கள். அவர் எப்போதிலிருந்து உங்களோடு இருக்கிறார், என்ன கொடுத்தீர்கள், ஏன் இனி முடியாது, எந்தத் தேதி வரை வைத்திருப்பீர்கள் என்பதை உள்ளபடி எழுதுங்கள். பரீட்சைக்குப் படிக்கும் மகள், அறை நெருக்கடி, பொருளாதாரம் எல்லாம் போதுமான காரணங்கள். நடக்காத சண்டையை நடந்ததாக எழுத வேண்டாம். தொலைபேசியில் உங்களை அழைத்துச் சரிபார்க்கவும் கூடும். அவர் நிஜமாகவே ஓர் இரவு தெருவில் படுத்தால்தான் உதவி கிடைக்கும் என்று யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள்.

கிடைத்தால் என்ன கிடைக்கும் என்பதையும் அறிந்துகொண்டு முடிவெடுங்கள். செக்‌ஷன் 4இல் தங்குமிடமும் பண அட்டையும் சேர்ந்தே வரும். உங்கள் வீட்டில் இருந்துகொண்டு பணத்தை மட்டும் கேட்க முடியாது. எந்த ஊர் என்று தேர்வு செய்யவும் முடியாது. கோவிலோ தமிழ்க் கடையோ இல்லாத ஊரில், தெரியாதவர்களோடு ஒரே வீட்டில் இருக்க நேரலாம். அட்டையில் வாரத்துக்கு விழும் தொகை 2024 ஜனவரியில் 49 பவுண்டு 18 பென்ஸ் என்று நிர்ணயிக்கப்பட்டது. அதற்குள் சாப்பாடு, பஸ், உடுப்பு எல்லாம். இரவில் தூங்காத ஒரு மனிதரை அப்படிப் பிரித்து அனுப்பலாமா என்பது சட்டக் கேள்வி அல்ல. நீங்கள் மூவரும் உட்கார்ந்து பேச வேண்டியது. சிலருக்கு உறவினர் வீடே நல்லது. அப்படியானால் அவர் உங்களோடு வாடகையின்றி, வேலையின்றி இருக்க, வழக்கை மட்டும் தொண்டு நிறுவனத்தின் துணையோடு நடத்தலாம். என்னைக் கேட்டால், மருத்துவ அறிக்கை கைக்கு வரும்வரை இந்த இரண்டாவது வழியைத்தான் சொல்வேன்.

விண்ணப்பம் மறுக்கப்பட்டால் மேன்முறையீடு செய்ய மூன்றே மூன்று நாள்தான் அவகாசம். வேறு எந்த வழக்கிலும் இவ்வளவு குறுகிய கெடுவை நான் கண்டதில்லை. மறுப்புக் கடிதம் வந்த அன்றே தொண்டு நிறுவனத்தை அழையுங்கள். இந்த மேன்முறையீட்டை விசாரிக்கும் தீர்ப்பாயத்தில் இலவசமாக வாதாடுவதற்கென்றே ‘அசைலம் சப்போர்ட் அப்பீல்ஸ் ப்ராஜெக்ட்’ என்ற அமைப்பு இருக்கிறது. தஞ்சம் கோருவோருக்கான உதவிகளை இறுக்கும் திட்டங்களை அரசு 2025 நவம்பரில் அறிவித்தது. ஆகவே படிவம் போடும் நாளில் என்ன விதி நடைமுறையில் இருக்கிறது என்று ஆலோசகரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

டாக்டர்

இது எளிது. ஜி.பி. எனப்படும் குடும்ப மருத்துவரிடம் பதிவு செய்ய விசா தேவையில்லை. முகவரிச் சான்றோ அடையாள அட்டையோ இல்லை என்பதற்காகப் பதிவை மறுக்கக்கூடாது. ஜி.பி.யைப் பார்ப்பது இலவசம். மருந்துச் சீட்டுக்குக் கட்டணம் கட்டாமலிருக்க ‘எச்.சி.2’ சான்றிதழ் எடுக்கலாம். ஆஸ்பத்திரிதான் சிக்கல்: இங்கிலாந்தில், அரசு உதவி எதுவும் பெறாத, தஞ்சம் நிராகரிக்கப்பட்டவருக்குப் பல சிகிச்சைகளுக்குக் கட்டணம் உண்டு. விபத்து அவசரப் பிரிவுக்கும், தொற்று நோய்களுக்கும், சித்திரவதையால் வந்த பாதிப்புகளுக்கும் கட்டணம் கிடையாது. செக்‌ஷன் 4 உதவியில் இருப்பவருக்கும் கிடையாது. தூக்கமின்மையும் கனவுகளும் ஜி.பி.யின் பதிவில் இன்றே ஏறத் தொடங்கினால் அவருக்கு மருந்தும் கிடைக்கும், நாளைய வழக்குக்கு ஆதாரமும் கிடைக்கும்.

கணவரிடம் பேசுவது

அவரைக் குறை சொல்லத் தோன்றவில்லை. அக்கா மகனைத் தெருவில் விடாதவர் அவர். தமிழர் வீடுகளின் சின்ன அறைகளில் இப்படி எத்தனை பேர் ஆண்டுக்கணக்காக இருக்கிறார்கள் என்று எந்தக் கணக்கெடுப்பிலும் வராது. அந்தக் குடும்பங்கள் இல்லாவிட்டால் தொண்டு நிறுவனங்களின் வரிசை இன்னும் நீண்டிருக்கும். அதை அவரிடம் முதலில் சொல்லுங்கள். பிறகு கடையின் 45,000 பவுண்டுக் கணக்கைச் சொல்லுங்கள். மானத்தைப் பற்றிப் பேசுவதைவிட அது வேகமாக வேலை செய்யும். வடுக்களுக்கு மருத்துவ அறிக்கை எடுக்கப்படவில்லை என்பதையும், அதை எடுக்க வழி அந்த மண்டபத்தில் கிடைக்கும் என்பதையும் சொல்லுங்கள்.

அடுத்த வாரம் அங்கே மருமகனை நீங்கள் மட்டும் அழைத்துப்போக வேண்டாம், கணவரும் வரட்டும். எப்படியும் ஆதரவளித்தவர் என்ற கடிதத்தில் அவருடைய கையெழுத்தும் தேவைப்படலாம். நிராகரிப்புக் கடிதம், தீர்ப்பாயத்தின் தீர்ப்பு, பிணைத் தாள், பழைய சொலிசிட்டரின் முகவரி ஆகிய நான்கையும் ஓர் உறையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். உள்ளே போனதும் சாப்பாட்டு மேசையைத் தேட வேண்டாம். சட்ட ஆலோசகர் எந்த நாளில் வருவார் என்று கேட்டு, அந்த நாளுக்குப் பெயரைப் பதிந்துவிட்டு வாருங்கள்.